ஒளி தரும் புரதத் துணுக்குகள்



சென்ற மாத அறிவியல் உரையைக் கேட்கத் தவறியவர்களுக்காகவும், கேட்டுவிட்டு "இதை ஆறுதலாக ஒருதரம் வாசிக்கவேணும்" என்று சொன்னவர்களுக்காகவும் அதை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் வர்த்தகப் பட்டதாரி. மற்றவர்களின் வரவு செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில். விஞ்ஞானம் எனக்கு ஆசைக்கு வாசிக்கிற பாடம். ஆகவே ஒரு கணக்காளனுக்கு விளங்கிய மொழியில்தான் இதைச் சொல்லப்போகிறேன். இரசாயனம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் டயட் கோக் டின் இருந்தால் எடுத்து, அதன் பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். பீனைல்கீட்டோனூரியா என்ற நோய் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை ஒன்று இருக்கும்: இதில் பீனைலலனின் உண்டு என்று. வாயில் நுழையாத இந்தப் பெயர்தான் இன்றைய கதாநாயகன்.

மணிகளும் மாலையும்

எங்கள் உடம்பில் உள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலைகள். மணிகளில் பொதுவாக 20 வகை. பருப்பு, பால், முட்டை, மீன் என்று எதைச் சாப்பிட்டாலும் குடல் அந்த மாலையை அறுத்து மணிகளாக்கும். பிறகு உடம்பு தனக்கு வேண்டிய மாதிரி மீண்டும் கோக்கும். ஒரு சில மணிகள் மட்டும் கோத்த குட்டி மாலையைப் பெப்டைட் என்பார்கள். நான் அதைப் புரதத் துணுக்கு என்று சொல்கிறேன்.

இந்த 20 வகையில் பீனைலலனின், டைரோசின், டிரிப்டோபான் என்ற மூன்று மணிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவற்றின் பக்கத்தில் கரி அணுக்களால் ஆன தட்டையான வளையம் ஒன்று தொங்கும். ஆதியில் இப்படியான வளையம் கொண்ட சேர்வைகள் வாசனைப் பொருட்களில் கிடைத்ததால், இரசாயனவியலாளர்கள் இவற்றுக்கு வாசனையைக் குறிக்கும் பெயரை வைத்தார்கள். நாங்கள் வளைய மணிகள் என்று வைத்துக்கொள்வோம்.

தட்டையான வளையத்துக்கு இரண்டு குணங்கள். ஒன்று, சாப்பாட்டுத் தட்டுகளைப்போல ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்ளும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உள்வாங்கி, சற்றுக் குறைந்த சக்தியுள்ள கதிராகத் திருப்பி விடும். தனி மணியாக இருக்கும்போது அப்படித் திரும்பி வருவதும் பெரும்பாலும் புறஊதாதான். அதனால் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாறவேண்டுமென்றால் மணிகள் ஓர் ஒழுங்கில் அமையவேண்டும்.

கணக்கில் 1, 2, 3 என்ற அதே மூன்று இலக்கங்களை 123 என்றும் எழுதலாம், 321 என்றும் எழுதலாம். இலக்கம் மாறவில்லை, இடம் மாறியது, பெறுமதி மாறிவிட்டது. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

பிரின்ஸ்டனுக்கு வந்த பையன்

நியூ ஜேர்சியில் இருக்கும் எங்களுக்குப் பிரின்ஸ்டன் தெரிந்த ஊர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பல்கலைக்கழகத்தைக் காட்டாத பெற்றோர் எங்களில் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் மணி ஒழுங்கின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1960இல் ஜப்பானிலிருந்து ஒசாமு ஷிமோமுரா என்ற இளைஞர் பிரின்ஸ்டனுக்கு வந்தார். 1945 ஓகஸ்ட் 9இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 16 வயது. பக்கத்தில் உள்ள இசஹயா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். குண்டின் வெளிச்சத்தில் சிறிது நேரம் அவருக்குக் கண் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கறுப்பு மழை பெய்தது. வீட்டுக்கு வந்தவுடனே பாட்டி அவரைக் குளிக்கவைத்தார். யுத்தம் முடிந்தபின் அவர் மருந்தாளர் படிப்புக்குப் போனது விருப்பத்தினால் அல்ல. குண்டில் அழிந்த நாகசாகி மருத்துவக் கல்லூரியின் மருந்தாளர் பிரிவு, இடம்பெயர்ந்து அவருடைய வீட்டுக்குக் கிட்ட வந்திருந்தது. கிடைத்த படிப்பு அதுதான். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில், மரநிழலில் இருந்து படித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிரின்ஸ்டனில் பேராசிரியர் பிராங்க் ஜோன்சன் அவருக்குக் கொடுத்த வேலை, ஒளிவிடும் ஒரு ஜெலிமீனின் இரகசியத்தைக் கண்டுபிடிப்பது. ஜெலிமீனைச் சொறிமுட்டை என்றும் சொல்வார்கள். 1961 கோடையில் இருவரும் நாட்டின் மறுகரைக்குக் காரிலேயே போனார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பிரைடே ஹார்பர் என்ற இடத்தில் வலையால் அள்ளி அள்ளிப் பத்தாயிரம் ஜெலிமீன் அளவில் பிடித்தார்கள். முதலில் ஒளிவிடும் பொருளைப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒருநாள் ஷிமோமுரா மிஞ்சிய சாற்றைத் தொட்டியில் ஊற்றியபோது தொட்டி முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. தொட்டிக்குள் கடல்நீர் வந்துகொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கல்சியம்தான் விளக்கைக் கொளுத்தும் சுவிட்ச் என்று அவருக்கு அதிலிருந்து விளங்கியது.

அந்தச் சாற்றில் இன்னொரு புரதமும் கொஞ்சம் இருந்தது. வெயிலில் இலேசான பச்சை, புறஊதாக் கதிரில் பளிச்சென்ற பச்சை. 1962இல் அதைப் பற்றி ஓர் ஓரக் குறிப்பாகத்தான் எழுதினார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது அந்த ஓரக் குறிப்புத்தான். அதன் பெயர் பச்சை ஒளிர் புரதம்.

மூன்று மணிகளில் ஒரு விளக்கு

இந்தப் புரதம் 238 மணிகள் கொண்ட மாலை. ஒளி வருவது 65, 66, 67ஆம் மணிகளிலிருந்து. செரின், டைரோசின், கிளைசின் என்பவை அவை. நடுவில் இருக்கும் டைரோசின் ஒரு வளைய மணி. மாலை மடியும்போது இந்த மூன்றும் வளைந்து, தங்களுக்குள் முடிச்சுப் போட்டு, காற்றில் உள்ள ஒட்சிசனின் உதவியோடு ஒரு சிறு விளக்காகிவிடுகின்றன. சுற்றியுள்ள மற்ற மணிகள் ஒரு பீப்பாய்போல அமைந்து அந்த விளக்கைக் காற்றில் அணையாமல் காப்பதுபோலக் காக்கின்றன.

வேறு எந்த உதவியும் வேண்டாமா? அதற்குப் பதில் 1990களில் கிடைத்தது. 1992இல் டக்ளஸ் பிராஷர் என்பவர் இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்குப் பணம் தீர்ந்ததால் அந்த மரபணுவை மற்றவர்களுக்கு அனுப்பிக் கொடுத்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்பி அதைப் பக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் வைத்தார். ஜெலிமீனின் வேறொரு பொருளும் இல்லாமலே அவை பச்சையாக ஒளிர்ந்தன. அந்த முடிவு 1994இல் வெளிவந்தது. எங்கள் நியூ ஜேர்சி லிவிங்ஸ்டனில் வளர்ந்த ரோஜர் சியென், மணிகளை மாற்றி மாற்றி நீலம், மஞ்சள் என்று பல நிறங்களை உண்டாக்கினார். 2008இல் ஷிமோமுரா, சால்பி, சியென் மூவருக்கும் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. பிராஷர் அந்த நேரம் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். படித்தது ஒன்று, பிழைப்புக்குச் செய்தது இன்னொன்று என்று இந்த நாட்டில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்கள் ஆட்கள் பலருக்கு அவருடைய பெயரும் நினைவில் இருக்கட்டும். சால்பியும் சியெனும் அவரை மறக்கவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு அவரையும் மனைவியையும் தங்கள் செலவில் ஸ்டொக்ஹோமுக்கு அழைத்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்தப் புரதத்தை நன்றாகச் சூடாக்கினால் மடிப்பு அவிழ்ந்துவிடும், ஒளியும் போய்விடும். 238 மணிகளும் வரிசை மாறாமல் அப்படியே இருக்கும். அவை அமைந்திருந்த விதம் மட்டும் குலைந்திருக்கும்.

மாலை எப்படி மடியலாம், எப்படி மடிய முடியாது என்பதற்கும் விதி இருக்கிறது. அந்த விதியைப் படமாக வரைந்து கொடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் வேலை செய்த சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும். ஆண்டு 1963. இன்றும் உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அதை ராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். எங்கள் தொழிலில் ஐந்தொகை சமப்படுகிறதா என்று பார்ப்பதுபோல.

இரண்டு மணிகளில் ஒரு குழாய்

இயற்கை ஒரு விளக்குச் செய்ய 238 மணி எடுத்தது. இன்னும் குறைந்த மணிகளில் என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு விடை, விளக்குத் தேடாத ஓர் இடத்தில் கிடைத்தது.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் எஹூட் காசிட் என்ற பேராசிரியர் அல்சைமர் என்ற மறதி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த நோயாளிகளின் மூளையில் அமிலோயிட் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து படிவுகளாகக் கிடக்கும். ஏறத்தாழ 40 மணிகள் கொண்ட துணுக்குகள் அவை. ஏன் அவை இப்படிச் சேர்கின்றன? அந்த 40 மணிகளில் எது பசைபோல வேலை செய்கிறது? 19ஆம், 20ஆம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு பீனைலலனின் மணிகள் இருந்தன. காசிட்டும் அவருடைய மாணவி மெய்டல் ரெஹெஸும் அந்த இரண்டை மட்டும் கோத்து, ஒரு கரைப்பானில் கரைத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள்.

அந்த இரட்டை மணிகள் தாமாகவே அடுக்கிக்கொண்டு நேரான, விறைப்பான குழாய்கள் ஆகின. யாரும் வார்க்கவில்லை, செதுக்கவில்லை. வளையத்தோடு வளையம் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரு குழாயின் தடிப்பு 100 நானோமீற்றர் அளவு, அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் குழாய்க்குள் வெள்ளியை நிரப்பி, பிறகு புரதத்தைக் கரைக்கும் நொதியால் குழாயைக் கரைத்துவிட்டு, 20 நானோமீற்றர் தடிப்பான வெள்ளிக் கம்பியை எடுத்துக் காட்டினார்கள். 2003இல் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது.

சில ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் நடாவ் அம்டர்ஸ்கி, கில் ரோசன்மன் ஆகியோர் இந்தக் குழாய்கள் நீல நிறத்தில் ஒளிர்வதைக் கண்டார்கள். 2009இலும் 2010இலும் எழுதிய கட்டுரைகளில் அவர்கள் சொன்ன விளக்கம் இது. அடுக்கப்பட்ட மணிகளுக்கு இடையே மின்னணு மிக ஒடுக்கமான அறைக்குள் அடைபடுகிறது. ஒடுக்கமான அறையில் அதற்கு எல்லாச் சக்திப் படிகளும் கிடைக்காது, குறிப்பிட்ட சில படிகள்தான். ஒரு படியிலிருந்து கீழே இறங்கும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வெளியே வருகிறது. வீணைத் தந்தியைக் குறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, அறை குறுகினால் ஒளி நீலத்தை நோக்கிப் போகும். கண்ணுக்குத் தெரியும் ஒளி வருவதற்கு வேறு காரணங்களைச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

2016இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஜெலிமீன் கதையையும் இந்த இரட்டை மணிக் கதையையும் ஒன்றாக்கினார்கள். ஒளிரும் புரதங்களில் படித்த பாடத்தை வைத்து, டிரிப்டோபானையும் பீனைலலனினையும் கோத்து, நாகத்தையும் சேர்த்து நுண்ணிய உருண்டைகள் செய்தார்கள். தனியே இருந்தபோது புறஊதாவில் மறைந்திருந்த ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வந்தது. ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைத் தேடிப் பிடிக்கவும், மருந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவற்றைப் பாவித்துக் காட்டினார்கள். உடம்புக்குப் பழக்கமான மணிகளாலேயே விளக்குச் செய்யலாம் என்பதுதான் இதில் உள்ள நம்பிக்கை. ஆனால் ஆய்வுகூடத்துக்கும் மருந்துக்கடைக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது.

அதே மணி, வேறு இடம்

மேசையில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் அடுக்கினால் விளக்கு. மூளையில் அடுக்கினால் நோயாளியின் தலைக்குள் படிவு. கணக்கில் சரியான தொகையைப் பிழையான பக்கத்தில் பதிந்ததுபோல. அமிலோயிட் படிவு மட்டும்தான் அல்சைமருக்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் அந்தப் படிவைக் குறைக்கும் இரண்டு மருந்துகள் இப்போது அமெரிக்காவில் உண்டு. 2023இல் லெக்கனெமாப், 2024இல் டொனனெமாப் அனுமதி பெற்றன. நோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு ஊசி மூலம் கொடுப்பது. நோய் மோசமாகும் வேகத்தை ஓரளவு குறைக்கும், போன நினைவைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கம், இரத்தக் கசிவு என்ற ஆபத்துகளும் உண்டு என்பதால் வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

தனிப் பீனைலலனின் மணிகூட அளவுக்கு மிஞ்சினால் நார்போல அடுக்கிக் கலங்களைக் கெடுக்கும் என்று 2012இல் காசிட்டின் குழு காட்டியது. சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே இந்த மணியை உடைக்கும் சக்தி இருக்காது. டயட் கோக் டின்னில் பெயர் வரும் பீனைல்கீட்டோனூரியா அதுதான். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கும்போது, "பச்சைப் பிள்ளைக்கு ஏன் இந்த வதை" என்று அம்மம்மாமார் கோபிப்பார்கள். அந்த ஒரு சொட்டு இரத்தத்தில் தேடும் நோய்களில் இது ஒன்று. நேரத்தோடு கண்டுபிடித்தால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலேயே பிள்ளையின் மூளையைக் காப்பாற்றலாம். மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை. டயட் கோக்கில் உள்ள அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பும் ஓர் இரட்டை மணிக் கோவைதான், ஆனால் நான் சொன்ன குழாய் செய்யும் கோவை அல்ல. அது குடலிலேயே உடைந்துவிடும்.

ஒரு நேயரின் கேள்வி

இந்த உரையை நான் தெரிவு செய்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நேயர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இவருக்குக் கொஞ்ச நாளாக மறதி. நானோ பெப்டைட் துளி என்று ஒரு சாமான் ரீவியில காட்டுறாங்கள். மூளையில இருக்கிற அழுக்கை எல்லாம் கழுவுமாம். மாதாமாதம் கார்ட்டில காசு எடுப்பாங்களாம். வாங்கட்டோ?"

"வாங்காதேங்கோ அக்கா" என்றேன். காரணத்தை எல்லோருக்கும் சொல்கிறேன். மேலே சொன்ன விஞ்ஞானம் உண்மை. அந்தப் போத்தலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு மணிக் கோவையை வாயால் குடித்தால் குடல் அதைப் பருப்பைப்போல உடைத்துவிடும். மேலும், இந்த நாட்டில் ஊட்டச்சத்து என்ற பெயரில் விற்கும் சாமான்களுக்கு விற்பனைக்கு முன் அரசின் அனுமதி தேவையில்லை. 1994இன் சட்டம் அப்படி. அதனால்தான் போத்தலின் அடியில் பொடி எழுத்தில், இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று அவர்களே எழுதியிருப்பார்கள். பெரிய எழுத்து விற்பதற்கு, பொடி எழுத்து வழக்கிலிருந்து தப்புவதற்கு. நான் முப்பது வருடமாகப் பொடி எழுத்து வாசித்துச் சாப்பிடுகிறவன்.

அப்போது மறதிக்கு என்ன செய்வது? முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள். மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைரொயிட் குறைந்தாலும் மறதி வரும். நீரிழிவுக்கு மெட்போமின் குளிசை பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைய இடமுண்டு. ஒவ்வாமைக்கும் நித்திரைக்கும் கடையில் வாங்கிப் போடும் சில குளிசைகளும் வயதானவர்களின் தலையைக் குழப்பும். எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காது கேட்காததும் மறதிபோலத் தெரியும். நித்திரையில்லாமையும், மனச்சோர்வும், யுத்தத்தில் கண்டதை நினைத்து நினைத்து வாழும் பாரமும் அப்படித்தான். அதை வைத்தியரிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. இவற்றில் பல, கண்டுபிடித்தால் சரிப்படுத்தக் கூடியவை. பணமும் மாதங்களும் துளிப் போத்தலில் போனால் இழப்பது அந்த வாய்ப்பை.

இன்னொன்று. நினைவைச் சோதிக்கும்போது மாதங்களைச் சொல், மணிக்கூடு வரை, சொற்களை ஞாபகம் வை என்று கேட்பார்கள். அறுபது வயதில் இங்கே வந்த அப்பாவிடம் அதை ஆங்கிலத்தில் கேட்டால், நோய் இல்லாவிட்டாலும் தடுமாறுவார். மத்திய அரசின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்பது சட்டம். நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைக்கு முன்னால் சில விஷயங்களை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

அழைத்த அக்காவும் கணவரும் வைத்தியருக்கு நேரம் எடுத்திருக்கிறார்கள். இந்த உரை பற்றிக் கேள்விகள் இருந்தால் நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். இரசாயனத்தில் எனக்குத் தெரியாததைத் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டு அடுத்த மாதம் சொல்கிறேன்.